எண்டோமெட்ரியோசிஸும் பேறுகாலமும்

பாலங்களையும் தண்டவாளங்களையும் பார்த்து ஓய்வு பெற்ற ரயில்வே டிப்ளமோக்காரனுக்கு மகப்பேறு பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். என் மருமகளுக்கு இந்நோய் இருந்தது. அவள் கருவுற்றிருந்த மாதங்களில் திருவனந்தபுரத்து மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததையே எழுதுகிறேன்.

கருப்பையின் உட்புறத்தில் மாதந்தோறும் வளர்ந்து உதிரும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடலை ஒட்டியோ வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். அங்கும் மாதந்தோறும் ரத்தம் கசியும், வெளியேறத்தான் வழியில்லை. வடிகால் இல்லாத இடத்தில் நீர் தேங்கினால் என்ன ஆகும் என்பது எங்கள் துறையில் கேங்மேனுக்கும் தெரியும். அழற்சி, தழும்பு, உறுப்புகள் ஒட்டிக்கொள்ளுதல், தாங்க முடியாத வலி. கருவுறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது உள்ளதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

"ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். இதை நம்பிக் கல்யாணத்தை அவசரப்படுத்துவோரும் உண்டு. இந்நோய்க்கு மருந்தாகக் கர்ப்பத்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ வல்லுநர் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டி தெளிவாகச் சொல்லிவிட்டது. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி குறையும், சிலருக்குக் குறையாது.

கருவுறத் தாமதமாகலாம். கருவுற்ற பின் பெரும்பாலோருக்குப் பிரசவம் நல்லபடியே முடிகிறது. கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் சற்றுக் கூடுதல். முக்கியமாகப் பார்க்க வேண்டியது நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடம். அது கீழே இறங்கிக் கருப்பையின் வாயை மூடிக்கொள்வது பொதுவாக 200 கர்ப்பங்களில் ஒன்றில் நேரும். இந்நோய் உள்ளவர்களிடம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். குழந்தை வரும் பாதையே அடைபடுவதால் சிசேரியன்தான் வழி. ரத்தப்போக்கு அபாயமும் உண்டு.

இங்குள்ள மருத்துவமனைகளில் நஞ்சுக்கொடியை 'மறுபிள்ளை' என்பார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் "மறுபிள்ள தாழெயாணு" என்று நர்ஸ் சொல்ல, இரட்டைக் குழந்தை என்று எண்ணி என் மனைவி பூரித்துப் போனாள்! கருப்பை வளர வளரப் பலருக்கு அது மேலே நகர்ந்துவிடும். மருமகளுக்கு 32-ஆம் வாரத்திலும் நகரவில்லை.

அப்போதுதான் வீட்டில் பிரச்சினை எழுந்தது. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்ல வேண்டும். சம்பந்தி வீடோ திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம்; ரத்த வங்கியுள்ள மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரப் பயணம். வழக்கத்தை மீறுவதா என்று சம்பந்தியம்மாள் கண்கலங்கினார்.

கேரள மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து வருகிறது. எங்கள் துறையில் விபத்து என்றால் பொறுப்பாளி யார் என்று தேடுவார்கள். இங்கோ காரணத்தை மட்டுமே தேடுகிறார்கள். அப்படிக் கண்ட காரணங்களில் முன்னிற்பது ரத்தப்போக்கு. 2018-20 கணக்கின்படி லட்சம் பிரசவங்களுக்குக் கேரளத்தில் 19 தாய்மார் இறந்தனர். இந்தியா முழுமைக்கும் அது 97. இதைக் காட்டித்தான் சம்பந்தியம்மாளிடம் பேசினேன். (ரத்தம் சேமிக்கும் பையை நம் நாட்டிலேயே தயாரிக்கும் நுட்பத்தை உருவாக்கியது இவ்வூர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் என்பதைப் பொறியாளன் என்ற முறையில் சொல்லாமலிருக்க முடியவில்லை.)

வெளியூரில் பிரசவம் பார்ப்பவர்கள் பழைய லேப்பராஸ்கோப்பி, ஸ்கேன் அறிக்கைகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கர்ப்பத்தின் பிற்பாதியில் திடீரெனக் கடும் வயிற்றுவலி வந்தால், ரத்தம் படாவிட்டாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். அரிதாக உள்ளேயே ரத்தம் கசிவதுண்டு. சிசேரியனுக்குப் பின் மாதவிலக்கு நாட்களில் தையலருகே கட்டியும் வலியும் வந்தால் அதையும் காட்ட வேண்டும். இத்திசு தழும்பிலும் வளரும்.

சம்பந்தியம்மாள் கடைசியில் இஞ்சி லேகியப் பாட்டிலுடன் இங்கு வந்து மூன்று மாதம் தங்கினார். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பேத்திக்கு இப்போது இரண்டு வயது.