வயோதிகக் கன்னியாஸ்திரீகளுக்கு நாம் பட்ட கடன்



நாலாங் கற்பனை எது என்று கேட்டால் ஞானோபதேச வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். அது பெற்ற தாய் தகப்பனோடு நிற்பதில்லை, ஞானத் தாய் தந்தையரையும் சேர்த்தே சொல்கிறது. அப்படியானால் உங்களுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீ, உங்கள் தகப்பனாருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்த சுவாமியார், போர்டிங்கில் உங்கள் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது இரவெல்லாம் விழித்திருந்த பிரதர், இவர்களுக்கு எண்பது வயதில் யார் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று விசாரித்ததுண்டா?

"திருச்சபை பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிடுகிறோம். திருச்சபைக்கென்று ஒரே பணப்பெட்டி எங்கும் கிடையாது. மேற்றிராசனக் குருக்களுக்கு வியாதியிலும் முதுமையிலும் உதவி கிடைக்க ஏற்பாடு செய்யும்படி 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (281) விதிக்கிறது. சபைகளைச் சேர்ந்த கன்னியர், பிரதர்மார், குருக்கள் சங்கதி வேறு. அவர்கள் உழைத்துச் சம்பாதிப்பது சபைக்கே சேரும். பென்ஷன் வந்தால் அதுவும் சபைக்கே (668). அவர்களுக்கு வேண்டியதைக் கொடுக்கும் கடமையும் சபையுடையது (670). ஆக ஒவ்வொரு சபையும் ஒரு தனிக் குடும்பம். சம்பாதிக்கிறவர் குறைந்து படுக்கையில் கிடப்பவர் அதிகமானால் ஒரு வீடு என்ன பாடுபடுமோ, மடமும் அதே பாடுதான் படும்.

"கன்னியாஸ்திரீகள் சர்க்கார் சம்பளம் வாங்குகிறார்களே?" என்பீர்கள். உதவி பெறும் பள்ளிகளில் சிலர் வாங்குவது உண்மைதான். அதிலும் வருமான வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இராயனுக்குரியதைக் கொடுப்பதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் மிஞ்சும் பணத்தில்தான், ஒரு நாளும் சம்பளமே வாங்காமல் அடுப்படியிலும் அநாதைப் பிள்ளைகள் விடுதியிலும் தேய்ந்துபோன கன்னியரும் சாப்பிட வேண்டும்.

அமெரிக்க தேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1965-ல் அங்கே சுமார் 1,80,000 கன்னியர் இருந்தார்கள். பங்குப் பள்ளிகளில் அவர்களே பெரும்பாலும் கற்பித்தார்கள். வாங்கியதோ சொற்பப் படி. அதனாலேயே ஏழைக் குடும்பங்களும் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடிந்தது. முதியவர்களை யார் பார்ப்பது என்ற கவலை அன்று இல்லை. இளையவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள், அவர்கள் உழைப்பில் மூத்தவர்கள் பிழைத்தார்கள். பிறகு தேவ அழைத்தல் குறைந்தது. அநேகர் மடத்தை விட்டும் போனார்கள். சர்க்காரின் ஓய்வூதியத் திட்டத்தில் தரித்திர வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் சேர 1972-ல்தான் சட்டம் இடம் கொடுத்தது. அதற்குள் பலருக்குத் தலை நரைத்துவிட்டது. இன்று அங்கே 40,000-க்கும் குறைவான கன்னியரே இருக்கிறார்கள், பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். 1988 முதல் மேற்றிராணிமார் ஏற்பாட்டின்படி, வயோதிகத் துறவியருக்கென்று கோவில்களில் ஆண்டுதோறும் காணிக்கை எடுக்கிறார்கள், பெரும்பாலும் டிசம்பரில். அதுவும் போதவில்லை. இதைத் தருமம் என்று நான் சொல்லமாட்டேன். அன்று கொடுக்காமல் விட்ட கூலி இது. அர்ச். சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதுகையில் போரடிக்கிற மாட்டை நினைவூட்டியதும் கூலியைக் குறித்தே.

நம் வீடுகளிலும் இப்பொழுது ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள். மடத்துக்கு அனுப்ப யார் இருக்கிறார்கள்?

பணம் கொடுப்பவர்கள் "மூத்த கன்னியரின் மருந்துச் செலவுக்கு" என்று சொல்லியே கொடுங்கள். இல்லாவிட்டால் மதர் அதைப் பள்ளிக்கூடக் கூரைக்குப் போட்டுவிடுவார்கள்! குறித்துக் கொடுத்ததை அந்தக் கருத்துக்கே செலவிட வேண்டும் என்பதும் சட்டம் (1267). பணமில்லாதவர்கள் கண் ஆஸ்பத்திரிக்குத் துணை போகலாம். படுக்கையில் இருப்பவர் பக்கத்தில் ஓரிரவு விழித்திருக்கலாம். உங்கள் அத்தையோ சித்தியோ மடத்தில் இருந்தால், வீட்டுக் கலியாணத்துக்கு மட்டும் கடிதம் போடாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். எந்த நேரம் சௌகரியம் என்று மதரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியானத் தூக்கத்தில் எழுப்ப வேண்டாம்.