மட்டாஞ்சேரி வெயிலில் கட்டிய மூட்டை

கோடை விடுமுறையில் மூணாறு பக்கம் கூடாரத்தில் தங்கப் போகிறோம், என்னென்ன துணி எடுத்துக்கொள்வது என்று நம் சங்கத்துக் குடும்பங்கள் சில என்னைக் கேட்டன. நான் பட்டுத் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

அது மே மாதம். மட்டாஞ்சேரி வீட்டில் மூட்டை கட்டும்போது வியர்வை ஊற்றியது. "கோடையில் ஸ்வெட்டர் எதற்கு?" என்று மனைவி எடுத்து வைத்ததை நானே எடுத்து வெளியே போட்டேன். பிள்ளைகளுக்குப் பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் போதும் என்பது என் தீர்மானம்.

வட்டவடையில் கூடாரம். மறுநாள் அருகிலுள்ள பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குப் போனோம். (கேரளத்தில் இருந்தாலும் எத்தனை நல்ல தமிழ்ப்பெயர் பாருங்கள்! 2003-இல்தான் அது தேசியப் பூங்கா ஆனது.) காலையில் நல்ல வெயில். பிற்பகல் மூன்று மணிக்கு இடியோடு மழை பிடித்துக்கொண்டது. எட்டு வயது மகன் முதலில் வெடவெடவென்று நடுங்கினான். பிறகு பேச்சுக் குழறியது, தூக்கம் வருகிறது என்றான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. வழியில் ஒரு டீக்கடை அம்மாள் ஈரத் துணி முழுவதையும் கழற்றச் சொல்லி, கம்பளியில் சுற்றி, இனிப்பான சூடு பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். ஒரு மணி நேரத்தில் தேறினான். உடல் வெப்பம் குறைந்துபோவதன் அறிகுறிகள் அவை என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். நடுக்கம் தானாக நின்றுபோவது குணமல்ல, அதிக ஆபத்து என்றும் சொன்னார்.

கோடையில் ஏன் இப்படி? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். நம் வீட்டு வாசல் கடல் மட்டம். மூணாறு சுமார் 1,500 மீட்டர். 130 கிலோமீட்டர் பயணத்திலேயே பத்து டிகிரி போய்விடுகிறது. பாம்பாடும் சோலை அதற்கும் மேலே. ஏப்ரல், மே மாதங்களில் காலை வெயிலில் சூடான காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகமாகிக் கொட்டும். ஆகவே காலை வானத்தை நம்பக் கூடாது.

அடுத்தது துணி. வேளி தோபிக்கானாவில் நம்மவர்கள் துவைத்துக் காயப்போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கெட்டிப் பருத்தி உலர எத்தனை நேரம் பிடிக்கிறது! பருத்தி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். இழைகளுக்கிடையே உள்ள காற்று போய்விடும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். கொச்சிப் புழுக்கத்தில் சுகம் தரும் அதே குணம் மலையில் பகையாகிறது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு காற்றைப் பிடித்து வைக்கும். பாலியஸ்டர் சீக்கிரம் உலரும். ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஒரே தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய உடுப்புகள் மேல். உள்ளே பாலியஸ்டர் பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மழைக்கோட்டு. ஏறும்போது வியர்த்தால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட வேண்டும், வியர்வையும் ஈரம்தான். காதை மூடும் குல்லாவைப் பிள்ளைகள் கேலி செய்வார்கள், செய்யட்டும். மழைக்குப் பின் சோலையில் அட்டை ஏறும். கால்சட்டையை நீளக் காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, ஆளுக்கு ஒரு ஜோடி உடுப்பும் காலுறையும் நீர் புகாத பையில் கட்டி, இரவுத் தூக்கத்துக்கென்றே வையுங்கள். பகலில் என்ன ஆனாலும் அதைப் பிரிக்கக் கூடாது.

மறையூர் வழியாகச் சின்னாறுக்கும் போகிறவர்கள் ஒரு மெல்லிய பருத்திச் சட்டையை மூட்டையின் மேலாகவே வைத்துக்கொள்ளலாம். அது மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். காலையில் மூணாறில் போட்ட ஸ்வெட்டரை அங்கே மதியம் போட்டுக்கொண்டிருக்க முடியாது.