சேர்ந்து வாங்கிய வீடு: உயில் எழுதிவிட்டீர்களா?

ஓ.எம்.ஆரில் வேலை, வேளச்சேரியில் 80 லட்சத்துக்கு ஃபிளாட், இருவர் பெயரிலும் பத்திரம், இருவர் சம்பளத்திலும் இ.எம்.ஐ. கல்யாணம் மட்டும் ஆகவில்லை. ஒருவர் திடீரென்று இறந்தால் அந்த வீடு யாருக்கு?

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் துணைக்கு இடமே கிடையாது. மணமாகாத, பிள்ளையில்லாத ஆண் உயில் எழுதாமல் போய்விட்டால் அவர் பாதி அம்மாவுக்கு. பெண் என்றால் அம்மா, அப்பா இருவருக்கும். கடன் கூட்டுக் கடன் என்பதால் பாக்கி முழுவதையும் வங்கி உங்களிடமே கேட்கலாம். பாதி வீட்டுக்குச் சொந்தக்காரர், முழு இ.எம்.ஐ.க்குக் கடன்காரர்! அந்த அம்மா பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் அதையும் சந்திக்க வேண்டும்.

அதற்காக, உங்கள் பாதியை இப்போதே தானமாக எழுதித் தரக் கிளம்பிவிடாதீர்கள். வருமான வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் கணவன், மனைவி உண்டு, நீங்கள் இல்லை. 40 லட்சம் மதிப்புள்ள பாதி, பெறுபவரின் வருமானமாகிவிடும். அவர் 30 சதவீத வரம்பில் இருந்தால் வரியே 12 லட்சம். செஸ், சர்சார்ஜ் தனி. பதிவிலும் குடும்பத்தாருக்கான செட்டில்மென்ட் சலுகை கிடைக்காது: முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3.6 லட்சம். அதே பாதி உயில் வழியாக வந்தால் வருமான வரி ஒரு பைசா இல்லை. எஸ்டேட் வரியையும் 1985-லேயே எடுத்துவிட்டார்கள்.

ஆகவே, ஆளுக்கொரு உயில். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். சாட்சிகள் இரண்டு பேர். சொத்தைப் பெறப்போகிறவரைச் சாட்சியாக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். சொந்தக்காரர்கள் ‘இது போலி’ என்று கிளப்பும்போது அதன் அருமை தெரியும். முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர் பின்னால் கல்யாணம் செய்துகொண்டால் பழைய உயில் ரத்து. புதிதாக எழுத வேண்டும்.

இன்னும் வாங்கவில்லையா? ஒருவர் பணம் போட்டு இன்னொருவர் பெயரில் பத்திரம் போடாதீர்கள். மனைவி பெயரில் வாங்கினால் பினாமிச் சட்டம் விலக்குத் தருகிறது, துணைக்குத் தருவதில்லை. யாருக்கு எத்தனை பங்கு என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள்; பணமும் அவரவர் கணக்கிலிருந்து போகட்டும்.

‘அபார்ட்மென்ட் சங்கத்தில் நாமினி போட்டாச்சே’ என்பார்கள். வீட்டைப் பொறுத்தவரை நாமினி என்பவர் வாங்கி வைப்பவர்தான், வாரிசு அல்ல. பி.எஃப். படிவத்தையும் ஒருமுறை பாருங்கள்: உங்களை நம்பி வாழும் பெற்றோர் இருந்தால் அங்கே துணையின் பெயர் செல்லாது.