பழைய செயின் சாவை மறுபடி ஓட வைப்பது எப்படி? தோப்பும்படி பட்டறைகளின் வழியில் ஒரு முழுமையான வழிகாட்டி

கொச்சியின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகப் பக்கம், ஓடாத அவுட்போர்டு என்ஜினைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவரிடம் பழகிய மெக்கானிக் முதலில் கேட்பது, "கடைசியா எதுல நிறுத்தினீங்க, பெட்ரோல்லயா மண்ணெண்ணெய்லயா?" என்றுதான். செல்லானம், கண்ணமாலி கரைகளின் வள்ளங்களில் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை சேரும்முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்த வேண்டும். மறந்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாள் விடியலில் தோள்பட்டை கழலக் கயிறு இழுத்தாலும் கிளம்பாது.

செயின் சாவுக்கும் இதே சங்கதிதான். இரண்டும் டூ-ஸ்ட்ரோக். வால்வு இல்லை, என்ஜினுக்கெனத் தனி ஆயில் தொட்டி இல்லை, எரிபொருளோடு வரும் ஆயில்தான் உள்ளே எல்லாவற்றையும் நனைக்கிறது. 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னையை அறுக்க வாங்கிய மெஷின்கள் காவிரி டெல்டாவில் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவற்றில் ஓடித் தேய்ந்தவை குறைவு. மிச்சமிருந்த எரிபொருளை வடிக்காமல் மூலையில் போட்டதால் கெட்டவையே அதிகம். அதனால், முதல்முறை கை வைக்கிறவர்கூடப் பாதிக்கு மேல் தேற்றிவிடலாம் என்பது என் கணிப்பு.

எந்த மெஷினில் தொடங்குவது?

உதிரிபாகம் கிடைக்கிற மெஷினில். ஸ்டில் 070 நல்ல தேர்வு. 100 சிசிக்கு மேற்பட்ட பெரிய என்ஜின்; ஆசிய நாடுகளில் பல ஆண்டுகளாக மரத்தொழிலைத் தாங்கியது. சீன நகல்கள் ஏராளமாக வந்துவிட்டதால் அதன் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஹஸ்க்வார்னா 1959-இல் தன் முதல் செயின் சாவை வெளியிட்டது. அந்தக் காலத்து அரிய மாடல் கையில் கிடைத்தால் துடைத்து வையுங்கள். பழகுவதற்கு அது வேண்டாம்.

கழற்றும் முன் மூன்று சோதனை

ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் கார்புரேட்டரைப் பிரிப்பதுதான் புதியவர்களின் கை செய்யும் முதல் வேலை. அதைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள்.

முதலில் சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் துளை வழியே செல்போன் டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் மெருகாக இருந்தால் நிம்மதி. மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருந்தால் ஆயில் இல்லாமலோ காற்றுக் கசிவாலோ பிஸ்டன் பிடித்திருக்கிறது. கயிறே நகரவில்லை என்றால் பிளக் துளையில் டீசலும் 2டி ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிடுங்கள். பிளைவீலைச் சுத்தியலால் தட்டாதீர்கள். இறக்கைகள் உடைந்தால் என்ஜினைக் குளிர்விக்க ஆளில்லை.

அடுத்து கம்ப்ரஷன். பிளக் துளையில் கேஜைப் பொருத்தி, திராட்டிலை முழுக்கத் திறந்து, முள் ஏறி நிற்கும்வரை இழுங்கள். 150 பிஎஸ்ஐ அருகே இருந்தால் ஆரோக்கியம். 100-க்குக் கீழே என்றால் சூடான பிறகு கிளம்ப மறுக்கும்.

பிறகு தீப்பொறி. பிளக்கைச் சிலிண்டர் உடம்பில் ஒட்டிப் பிடித்து நிழலில் பாருங்கள். பக்கத்தில் பெட்ரோல் டின் இருக்கக் கூடாது. பிளக் இடைவெளி பெரும்பாலான சாக்களில் 0.5 மி.மீ. கம்ப்ரஷனும் பொறியும் சரியாக இருந்தால் மிச்சமிருக்கும் குற்றவாளி பெரும்பாலும் எரிபொருள்தான்.

எரிபொருள்: இன்றைய பெட்ரோலும் பழைய ரப்பரும்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டுமுறை படியுங்கள். இப்போது நாட்டின் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய மெஷினின் டியூப்பும் டயாப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சில ஊதிப் பிசுபிசுக்கும், சில மொரமொரவென்று ஆகிவிடும்.

அதைவிட மோசமானது ஈரம். எத்தனால் காற்றிலுள்ள நீரை இழுக்கும். கொச்சியின் ஜூன் மாதக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அளவுக்கு மேல் நீர் சேர்ந்ததும் எத்தனாலும் நீரும் ஒன்றாகத் தொட்டியின் அடியில் இறங்கிவிடும். நீங்கள் கலந்த 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டியூப் உறிஞ்சுவது அடியிலிருந்து. அதாவது என்ஜினுக்குள் போவது ஆயில் இல்லாத திரவம். 'ஆயில் சரியாத்தான் கலந்தேன், ஆனா பிஸ்டன் பிடிச்சிருச்சு' என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான்.

சந்தேகம் இருந்தால் அளவுக் குழாயில் 10 மி.லி. தண்ணீரும் அதன்மேல் 90 மி.லி. பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி வைத்துப் பாருங்கள். எத்தனால் இருந்தால் அடியிலுள்ள நீர் அடுக்கு 10-ஐத் தாண்டி உயரும்.

தொட்டியில் இருக்கும் பழையதை முழுக்க வடித்துவிடுங்கள். டியூப்பும் உள்ளே தொங்கும் ஃபில்ட்டரும் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். பழைய மெஷினுக்குச் சாதாரண 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 40 மி.லி., அதாவது 25-க்கு 1. புது மெஷின் பெட்டியில் எழுதியிருக்கும் 50-க்கு 1 கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். புகை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

கார்புரேட்டர்

அவுட்போர்டில் மிதவை வைத்த கிண்ணம் இருக்கும். சாவைத் தலைகீழாகப் பிடித்தும் அறுக்க வேண்டும் என்பதால் அதில் டயாப்ரம் வகை. தில்லாட்சன், வால்ப்ரோ என்ற பெயர்கள் உடம்பிலேயே பொறித்திருக்கும். அந்த எண்ணைக் காட்டினால் ரிப்பேர் கிட் கிடைக்கும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுங்கள். கேஸ்கட் முதலா, டயாப்ரம் முதலா என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறும். துளைகளில் ஊசியோ கம்பியோ விடாதீர்கள். கிளீனர் ஸ்ப்ரே, பிறகு காற்று. மிஞ்சிப்போனால் மின்கம்பியின் உள்ளே இருக்கும் ஒற்றைச் செம்பு இழை. மூட்டிய பின், கலவையைச் சரிசெய்யும் எல், எச் திருகுகள் இரண்டையும் மெதுவாக அடிவரை முடுக்கி, அங்கிருந்து ஒரு சுற்று வெளியே எடுங்கள். கிளம்புவதற்கு அது போதும்.

காற்றுக் கசிவு: பி.பி. மீட்டர் போதும்

புதியவர்கள் தாண்டிவிடுவதும், செய்த வேலையை வீணாக்குவதும் இந்த இடம்தான். கிராங்க் தண்டின் இரு பக்கமும் ஆயில் சீல் உண்டு. அது காய்ந்து வெடித்தால் வெளிக்காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு ஆயிலும் குறையும். மெஷின் அருமையாகக் கத்திக்கொண்டு ஓடும். சிலிண்டர் போவது அப்படி ஓடும்போதுதான்.

இதற்கான கருவியை நீங்களே செய்துகொள்ளலாம். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, மிச்ச ஓட்டில் சிறு பித்தளைக் குழாயைப் பற்றவையுங்கள். கார்புரேட்டர் பக்கத்தையும் எக்ஸாஸ்ட் துளையையும் சைக்கிள் டியூப் துண்டு வைத்துத் தகட்டால் இறுக்கி மூடுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, பித்தளைக் குழாயில் கைப்பம்பு வைத்த பி.பி. மீட்டரின் ரப்பர் குழாயை மாட்டி 250 வரை ஏற்றுங்கள். ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ. ஒரு நிமிடம் முள் அசையாவிட்டால் நல்லது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள்: பிளைவீலுக்குப் பின்னால், கிளட்சுக்குப் பின்னால், சிலிண்டர் அடிக் கேஸ்கட்டில். எங்கே நுரை கிளம்புகிறதோ அங்கே கசிவு. ரத்த அழுத்தத்துக்காக வீட்டில் இருப்பதை எடுத்துவிட்டு நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள். பழையது ஒன்றைத் தேடுங்கள்.

சீலை எட்ட: கிளட்சும் பிளைவீலும்

சீலை மாற்றக் கிளட்சையும் பிளைவீலையும் கழற்றியாக வேண்டும். பிஸ்டன் சுழலாமல் நிறுத்த, பிளக் துளை வழியே ஸ்டார்ட்டர் கயிற்றைத் திணியுங்கள், நுனி வெளியே இருக்கட்டும். இரும்பைச் செருகினால் பிஸ்டன் தலை ஓட்டையாகும். பெரும்பாலான சாக்களில் கிளட்ச் எதிர்மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

பிளைவீல் வந்ததும், தீப்பொறிக்கான பாயிண்ட் இருந்தால் அதைப் பாருங்கள். கறுத்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் ஒரு தேய், பிறகு சுத்தத் துணி. இடைவெளி 0.35 முதல் 0.4 மி.மீ. பொறி மஞ்சளாகத் தளர்ந்து வந்தால் கண்டன்சரை மாற்றுங்கள். காயிலுக்கும் பிளைவீலுக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழைகிற இடம் போதும்.

சிலிண்டர்: எது தேறும், எது தேறாது

பல அவுட்போர்டுகளில் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் உண்டு. கீறினால் லேத்தில் போர் போட்டு, 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் ஏற்றிவிடலாம். சாவின் சிலிண்டரோ பெரும்பாலும் அலுமினியத்தின்மேல் குரோமோ நிக்கலோ பூசியது. அந்தப் பூச்சு உரிந்தால் போர் போட முடியாது, புதுச் சிலிண்டர்தான். எது எது என்று தெரியாவிட்டால் எக்ஸாஸ்ட் துளையில் காந்தத்தைக் காட்டுங்கள். வலுவாக ஒட்டினால் இரும்பு ஸ்லீவ்.

பிஸ்டன் தலையில் படிந்த கரியை மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். ரிங் காடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஓர் இரவு மண்ணெண்ணெயில் கிடக்கட்டும். நகல் கார்புரேட்டர் கிட் பரவாயில்லை, வாங்கலாம். நகல் பிஸ்டன் ரிங்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உதிரிபாகம் வாங்க

சீல், பேரிங் இரண்டையும் கம்பெனிப் பெயர் சொல்லித் தேடி அலைய வேண்டாம். பேரிங்கின் ஓரத்தில் எண் இருக்கும். 6202 என்றால் உலகெங்கும் உள் துளை 15, வெளி விட்டம் 35, தடிமன் 11 மி.மீ. சீலிலும் மூன்று அளவுகள் அச்சிட்டிருக்கும். எந்தப் பேரிங் கடையிலும் அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

தோப்பும்படிக்கே வருவதானால் ஒரு யோசனை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் ட்ராலிங் தடை. போட்டுகள் கரையேறி ரிப்பேர் பார்க்கும் காலம். உங்கள் சின்ன மெஷினைப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. மற்ற மாதங்களில் வாருங்கள். தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் போட்டுகள் இங்கே கரைபிடிப்பதால் துறைமுகத்தில் தமிழ் பேசியே காரியத்தை முடித்துவிடலாம்.

செயினும் முதல் ஓட்டமும்

070 போன்ற பெரிய மெஷினின் .404 செயினுக்கு 5.5 மி.மீ. உருண்டை அரம், 3/8 செயினுக்கு 5.2. ஒவ்வொரு பல்லுக்கும் 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே, ஒரே எண்ணிக்கை தேய்ப்பு. பொடியாக விழாமல் சீவலாக விழுந்தால் கூர்மை வந்துவிட்டது என்று அர்த்தம். தென்னையின் வெளிப்பட்டைப் பகுதிதான் மிகக் கடினம், செயினைச் சீக்கிரம் மழுக்கும்.

முதல் ஓட்டம் திறந்த வெளியில், செயின் மாட்டாமல். நின்று நிதானமாக ஓடுகிறதா, திராட்டிலை விட்டதும் வேகம் உடனே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கத் தயங்கினால் காற்றுக் கசிவு இன்னும் இருக்கிறது, அறுக்கப் போகாதீர்கள். பெயிண்ட் அடிப்பதெல்லாம் இதற்குப் பிறகு, விருப்பமிருந்தால்.

1970-க்கு முந்தைய பல சாக்களில் செயின் பிரேக் கிடையாது. பாரின் மூக்கின் மேற்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்துக்கு நேரே எகிறும், நிறுத்த எதுவும் இல்லை. அப்படிப்பட்ட மெஷினைத் தேற்றியிருந்தால் தரையில் கிடக்கும் கட்டையை அறுங்கள், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். மரமேறவோ தோளுக்கு மேல் தூக்கவோ வேண்டாம். வேலை முடிந்த அன்றே தொட்டியை வடித்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.