வீட்டிலொரு வானொலி நிலையம்

சயான் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் மராத்தி மொழியில் 'ஷீவ்' என்று எழுதப்பட்டிருக்கும். 'எல்லை' என்பது அச்சொல்லின் பொருள். மும்பைத் தீவு முடிந்து சால்செட் தீவு தொடங்கும் எல்லையாக இவ்விடம் முற்காலத்தில் விளங்கியது. ஆங்கிலேயர் 17-ஆம் நூற்றாண்டில் இங்குள்ள குன்றின்மேல் ஒரு கோட்டை கட்டினர். எல்லைக்கு அப்பால் வருவோரைத் தொலைவிலேயே கண்டுகொள்ள உயரமான இடம் வேண்டியிருந்தது. இன்று அக்குன்றைச் சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்களும் தாராவியின் நெருங்கிய தெருக்களும் நிறைந்துள்ளன.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று இந்நகரம் ஒரு பேரிடரைச் சந்தித்தது. சாந்தாக்ரூஸ் வானிலை ஆய்வு நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. சயான், குர்லா, தாராவி போன்ற தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. தண்டவாளங்கள் நீரில் மூழ்கியதால் மின்ரயில்கள் நின்றன. வேலைக்குச் சென்றோர் பலர் இடுப்பளவு நீரில் பல மணி நேரம் நடந்தனர். பலர் அலுவலகங்களிலேயே இரவைக் கழித்தனர். மின்சாரம் நின்றது. பல இடங்களில் தொலைபேசியும் செல்பேசியும் செயலிழந்தன. வீட்டிலிருந்தோர், வெளியே சென்றோர் எங்கிருக்கின்றனர் என்று அறிய வழியின்றித் தவித்தனர்.

செல்பேசி ஏன் செயலிழந்தது? ஒரே தெருவில் உள்ள இருவர் செல்பேசியில் பேசினாலும் அவர்களுடைய குரல் நேராகச் செல்வதில்லை. அது கோபுரத்திற்குச் சென்று, இணைப்பகத்தை அடைந்து, மீண்டும் ஒரு கோபுரத்தின் வழியாகத் திரும்பி வருகிறது. கோபுரத்திற்கு மின்சாரம் நின்று அதன் மின்கலங்களும் தீர்ந்துவிட்டால் கையிலுள்ள கருவியால் பயனில்லை. ஒரே நேரத்தில் அனைவரும் அழைத்தாலும் இணைப்பு திணறும்.

இவ்வாறு இடையில் எதையும் நம்பாமல், ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்கு வானலை வழியே நேராகப் பேசும் முறை ஒன்று உண்டு. அதுவே 'ஹாம் வானொலி' எனப்படும் அமெச்சூர் வானொலியாகும். இதில் ஈடுபடுவோர் ஊதியத்திற்காகப் பேசுவதில்லை. கற்கும் ஆர்வத்தால் பேசுகின்றனர். பேசவும் கேட்கவும் உதவும் இருவழிக் கருவிக்கு 'டிரான்ஸீவர்' என்று பெயர்.

2004-ஆம் ஆண்டு டிசம்பரில், பாரதி பிரசாத் என்னும் ஹாம் வானொலியாளர் தம் குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேயருக்குச் சென்றிருந்தார். அத்தீவுகளிலிருந்து ஹாம் நிலையம் இயக்குவதற்கான அனுமதி அரிதாகவே கிடைத்து வந்தது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்களுடன் பேசுவதே அப்பயணத்தின் நோக்கம். டிசம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்தது, ஆழிப்பேரலை எழுந்தது, தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. பொழுதுபோக்குக்காக நிறுவப்பட்ட அந்நிலையம் சில மணி நேரத்தில் உயிர்காக்கும் நிலையமாக மாறியது. உயிர் பிழைத்தோர் குறித்த செய்திகள் அதன் வழியே நாட்டின் பிற பகுதிகளை அடைந்தன. அந்தமானில் தமிழர் பலர் வாழ்கின்றனர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

மும்பைக்கும் இக்கலைக்கும் உள்ள உறவு இதனினும் பழையது. 1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஆங்கிலேய அரசு, ஹாம் வானொலியாளர்கள் தம் அலைபரப்பிகளை ஒப்படைக்குமாறு ஆணையிட்டது. 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் தொடங்கியது, தலைவர்கள் சிறைப்பட்டனர், செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உள்ளாயின. அப்போது 22 வயதே நிரம்பிய உஷா மேத்தா என்னும் மாணவியும் அவருடைய நண்பர்களும், வானொலி நுட்பம் அறிந்தோரின் துணையுடன் பம்பாயில் மறைவாக ஒரு நிலையத்தை இயக்கினர். 'காங்கிரஸ் வானொலி' என்பது அதன் பெயர். காவலர் கண்ணில் படாதிருக்க நிலையம் வீடு வீடாக இடம் மாறியது. சில மாதங்களே நீடித்த அம்முயற்சி 1942 நவம்பர் 12 அன்று காவலர் நுழைந்ததும் முடிவுற்றது. உஷா மேத்தா நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1998-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கியது.

அவ்வானொலி 42.34 மீட்டர் அலைநீளத்தில் ஒலித்தது. இவ்வெண்ணை மறவாதிருத்தல் நலம், பின்னர் பயன்படும்.

இனி, சயானில் ஒரு சிறு வீட்டில் வாழும் குடும்பம் ஒன்று இத்தகைய நிலையத்தை அமைக்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? முதலில் கடைக்குச் செல்லக் கூடாது. உரிமமின்றி அலைபரப்பியை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். மின்வணிகத் தளங்களில் வாக்கிடாக்கிகள் முறையின்றி விற்கப்படுவதைத் தடுக்க 2025-இல் அரசு தனி வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது. 'விற்பனைக்குக் கிடைக்கிறது, ஆகவே வாங்கலாம்' என்னும் எண்ணம் இங்குப் பொருந்தாது.

உரிமம் பெறுவது கடினமன்று. நடுவண் அரசின் தகவல்தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வில் வெற்றி பெற வேண்டும். 12 வயது நிரம்பியோர் இத்தேர்வை எழுதலாம். மின்னியல், வானொலியின் அடிப்படைகள், விதிமுறைகள் ஆகியன பாடங்கள். உயர்நிலை உரிமம் வேண்டுவோர் மோர்ஸ் குறியீட்டையும் கற்க வேண்டும். உரிமம் பெற்றவருக்கு 'வி.யு.' என்னும் இந்திய முன்னெழுத்துகளுடன் தொடங்கும் அழைப்புக்குறி ஒன்று வழங்கப்படும். அக்குறி உலகில் வேறெவருக்கும் இராது. பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் இத்தகைய அழைப்புக்குறி பெற்றவரே.

அடுத்தது கருவி. குறைந்த விலையில் இரு வழிகள் உள்ளன.

ஒன்று, கையடக்கக் கருவி. சீனாவில் செய்யப்படும் பாவ்ஃபெங் போன்ற கருவிகள் உலகெங்கும் மலிவான விலையில் விற்கப்படுகின்றன. இவற்றின் ஆற்றல் ஏறத்தாழ 5 வாட். இவை பயன்படுத்தும் உயர் அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் கண்ணுக்கெட்டும் தொலைவு வரையே நேராகச் செல்லும். கம்பி பதித்த கான்கிரீட் சுவர்கள் அவற்றை மறைக்கும். ஆகவே தரைத்தளத்து அறையில் அமர்ந்து பேசினால் பக்கத்துத் தெருவுக்கே குரல் எட்டாமற் போகலாம். அதே கருவியை மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்றால் பல கிலோமீட்டர் எட்டலாம். சயான் கோட்டையைக் குன்றின்மேல் கட்டியோர் அறிந்திருந்த உண்மைதான் இது. உயரமான இடத்தில் 'ரிப்பீட்டர்' என்னும் மறுபரப்பி இருந்தால் அது மெல்லிய குரலைப் பெற்று, வலுவாக்கி, மீண்டும் பரப்பும். ஆயினும் வெள்ளக்காலத்தில் மறுபரப்பிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறக்கலாகாது. இக்கருவிகளில் மற்றோர் இடரும் உண்டு. காவல்துறை, ரயில்வே போன்றோரின் அலைவரிசைகளையும் சில கருவிகளில் அமைத்துவிட முடியும். தெரியாமல் அங்கே பேசினாலும் ஓர் உயிர்காக்கும் செய்தி தடைப்படக்கூடும். இந்தியாவில் ஹாம் வானொலிக்கு உரிய 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் போன்ற எல்லைகளுக்குள் நிற்பதே முறை.

மற்றொன்று, சிற்றலைக் கருவி. சிற்றலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கிலுள்ள அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். சயானிலிருந்து திருநெல்வேலி வரை பேச இதுவே ஏற்றது. ஆனால் வெளிநாட்டுச் சிற்றலைக் கருவிகளின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது. இக்குறையைப் போக்க ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், சாதாரண மின்னணுக் கடைகளில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே செய்யக்கூடிய 'பிட்எக்ஸ்' என்னும் டிரான்ஸீவரை வடிவமைத்தார். காந்தச் சுருளுக்குரிய தனி வளையம் கிடைக்காதோர் தண்ணீர்க் குழாயில் இடும் வாஷரின்மீதே கம்பியைச் சுற்றலாம் என்னும் அளவுக்கு அவ்வடிவமைப்பு எளிமையானது. அதன் வரைபடத்தை அவர் மறைத்து வைக்கவில்லை. எவரும் படித்துச் செய்துகொள்ளுமாறு வெளியிட்டார். பின்னர், பொருத்தப்பட்ட மின்பலகையாகவே 'பிட்எக்ஸ்40' விற்பனைக்கு வந்தது. அதன் சுருள்களைப் பெண்கள் குழு ஒன்று கையால் சுற்றித் தந்தது. ஏறத்தாழ 7 வாட் ஆற்றலுடைய அக்கருவி, 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது.

இப்போது 42.34 மீட்டர் என்னும் எண்ணுக்குத் திரும்பலாம். 300-ஐ மீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் அதிர்வெண் மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும். 300-ஐ 42.34-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.09 வரும். உஷா மேத்தாவின் குழுவினர் சிறைக்கு அஞ்சாது ஒலிபரப்பிய அதே பகுதியில்தான் இன்று ஒரு மாணவர், உரிமம் பெற்று, தாம் பொருத்திய கருவியால் பேச முடிகிறது.

பிட்எக்ஸ் போன்ற கருவியைச் செய்ய விரும்புவோருக்கு மும்பையில் லாமிங்டன் சாலை உள்ளது. சயானிலிருந்து தாதர் சென்று, மேற்கு ரயில் பாதையில் மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கினால் அச்சாலையை அடையலாம். மின்தடையம் முதல் பேட்டரி வரை அங்குக் கிடைக்கும். பழைய கருவி வாங்குவதாயின், உரிமம் பெற்ற ஒருவரிடமிருந்து, அவர் அதை இயக்கிக் காட்டிய பின்னரே வாங்குவது நன்று.

கருவியைவிட ஆண்டெனா முதன்மையானது. விலையுயர்ந்த கருவியும் தவறான ஆண்டெனாவோடு ஊமையாகிவிடும். எளிய கருவியும் நல்ல ஆண்டெனாவோடு கடல் கடக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு உரிய அரையலை ஆண்டெனா ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுடைய கம்பியாகும். ஒற்றையறை வீட்டில் 20 மீட்டருக்கு எங்கே போவது? மொட்டைமாடியில் நடுவே ஒரு கழி நட்டு, கம்பியின் இரு கைகளையும் கூரை வடிவில் சரித்துக் கட்டலாம். அதற்குக் குடியிருப்புச் சங்கத்தின் இசைவு வேண்டும். பலர் தயங்குவது இந்த இடத்தில்தான். அண்டை வீட்டாருக்கு, இது என்ன, எதற்காக, வெள்ளம் வந்தால் இதனால் என்ன பயன் என்று பொறுமையாக விளக்குவதும் இக்கலையின் ஒரு பகுதியே. மாறாக, 145 மெகாஹெர்ட்ஸுக்கு உரிய கால் அலை ஆண்டெனா அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, சன்னலோரத்திலேயே அடங்கிவிடும். எந்த ஆண்டெனாவையும் மின்கம்பிகளின் அருகே கட்டவே கூடாது. இடி மின்னல் வேளையில் கருவியிலிருந்து ஆண்டெனா இணைப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட வேண்டும்.

மின்சாரம் குறித்தும் ஒரு சொல். சுவரிலுள்ள மின்சாரத்தை மட்டும் நம்பும் நிலையம் ஜூலை 26 போன்ற ஒரு நாளில் செல்பேசியைப் போலவே செயலிழக்கும். 12 வோல்ட் பேட்டரி ஒன்று வேண்டும். கேட்கும்போது பிட்எக்ஸ் கருவி அரை ஆம்பியருக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, கேட்பதற்கு மட்டும் 14 மணி நேரமேனும் போதும். பேசும்போது மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். ஆகவே இடர்க்காலத்தில் சுருங்கப் பேசுவோரின் பேட்டரியே நெடுநேரம் உழைக்கும்.

கருவி அமைந்தபின் முதற்பணி கேட்பது. சில வாரங்கள் கேட்டாலே, எந்நேரத்தில் எவ்வூர்க் குரல் வருகிறது, எப்படி முறைவைத்துப் பேசுகின்றனர் என்பன விளங்கும். சயானில் மின்ரயில் பாதையும் நூற்றுக்கணக்கான எல்.இ.டி. விளக்குகளும் எழுப்பும் இரைச்சலுக்கு இடையே மெல்லிய குரலைப் பிரித்தறியக் காதுக்கும் பழக்கம் வேண்டும். பேசத் தொடங்குமுன் அலைவரிசை காலியாக உள்ளதா என்று கேட்டறிய வேண்டும். பின்னர்ப் பொத்தானை அழுத்தி, ஒரு நொடி கழித்து, தம் அழைப்புக்குறியைத் தெளிவாகக் கூற வேண்டும். பேசி முடித்ததும் 'ஓவர்' என்று கூறிப் பொத்தானை விட வேண்டும். விடாவிட்டால் மறுமுனையில் இருப்பவர் பேசுவது கேளாது. விடைபெறும்போது '73' என்பர். 'நல்வாழ்த்துகள்' என்பது அதன் பொருள். பேசிய நாள், நேரம், அலைவரிசை, மறுமுனையின் அழைப்புக்குறி ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வணிகச் செய்தி கூறுவதும் பாட்டு ஒலிபரப்புவதும் விதிப்படி கூடா. இங்கே ரகசியமும் இல்லை. பேசுவதை உலகில் எவரும் கேட்கலாம்.

சொற்பொருள்

பேரிடர் – பெருந்துன்பம் தரும் நிகழ்வு. உரிமம் – அரசு தரும் அனுமதி. தணிக்கை – செய்தியை வெளியிடுமுன் அரசு ஆய்ந்து நீக்குதல். ஆழிப்பேரலை – சுனாமி. இசைவு – ஒப்புதல்.

பயிற்சி

1. செல்பேசிக்கும் ஹாம் வானொலிக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.

2. 'கூடாது', 'கூடா' – இவற்றுள் எது ஒருமைக்கும் எது பன்மைக்கும் உரியது? பாடத்திலிருந்து சான்று தருக.

3. ஓர் அலைவரிசையின் அலைநீளம் 20 மீட்டர் எனில் அதன் அதிர்வெண் என்ன? கணக்கிட்டு, விடையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுக.

4. தரைத்தள வீட்டில் வாழும் ஒருவருக்குக் கையடக்கக் கருவி ஏற்றதா, சிற்றலைக் கருவி ஏற்றதா? காரணம் காட்டுக.

5. மொட்டைமாடியில் ஆண்டெனா அமைக்க இசைவு வேண்டி, குடியிருப்புச் சங்கத் தலைவருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுக.

6. 2005 ஜூலை 26 அன்று வீட்டிலுள்ள பெரியவர்கள் எங்கிருந்தனர், எப்போது வீடு திரும்பினர், அதுவரை குடும்பத்தாருக்கு எவ்வாறு செய்தி கிடைத்தது என்று கேட்டறிந்து, அவர்கள் கூறிய சொற்களிலேயே எழுதி வருக.