ஸ்டீம் டெக் வாங்கலாமா? பணம் கட்டும் முன்...

வால்வ் நிறுவனம் 2022-ல் கொண்டுவந்த ஸ்டீம் டெக், லினக்ஸில் இயங்கும் கையடக்க கேமிங் கணினி. வாங்கும் முன் இவற்றைச் சரிபாருங்கள்.

• உங்கள் கேம் ஓடுமா? விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட வைப்பது 'புரோட்டான்' என்ற மென்பொருள். தனியாக ஆடும் கேம்கள் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் ஃபோர்ட்நைட், வேலரன்ட் போன்ற சில ஆன்லைன் கேம்கள் இதில் நேரடியாக ஓடாது. அவற்றுக்காகவே வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

• தரக்குறியைப் பாருங்கள். டெக்கில் எப்படி ஓடும் என்பதை வால்வின் கேம் விற்பனைத் தளமான ஸ்டீமிலேயே கேம் வாரியாகக் குறித்திருக்கிறார்கள். நீங்கள் அடிக்கடி ஆடும் கேம்களை அதில் தேடிப் பாருங்கள்.

• எந்த மாடல்? 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடலில் 7.4 அங்குலத் திரை, 50 வாட்-மணி பேட்டரி. முந்தைய எல்சிடியில் 7 அங்குலம், 40 வாட்-மணி. ரயிலிலும் பேருந்திலும் ஆடுபவர்களுக்கு ஓஎல்இடியே நல்லது. பெரிய கேம்கள் எந்த மாடலிலும் சார்ஜை வேகமாகக் குடிக்கும்.

• சேமிப்பிடம்: சில கேம்கள் 100 ஜிபியைத் தாண்டும். மைக்ரோ எஸ்டி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்பதால், இதற்காக விலை கூடிய மாடலுக்குப் போக வேண்டியதில்லை.

• வாரன்டி: இறக்குமதி செய்து விற்பவரிடம் வாங்கினால், பழுதுக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

• வேலைக்கும் உதவும்: டெஸ்க்டாப் மோடுக்கு மாற்றி, கீபோர்டும் மானிட்டரும் இணைத்தால் முழு லினக்ஸ் கணினி.

ஏற்கெனவே ஸ்டீமில் நிறைய கேம்கள் வைத்திருப்பவர்களுக்கு இது நிச்சயம் பயன்தரும். ஒன்றிரண்டு ஆன்லைன் கேம்கள் மட்டுமே ஆடுபவர்கள், அவை ஓடும் என்று உறுதியான பிறகே வாங்குங்கள்.