கட்டாயமும் கடமையும்: லெஸ்டர் நகரம் தரும் பாடம்

தம் உடலுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் தொற்றுநோய் ஒருவர் உடலோடு நின்றுவிடுவதில்லை. அவ்வாறாயின் தடுப்பூசியை அரசு கட்டாயமாக்கலாமா? இவ்வினாவிற்கு விடை காண இங்கிலாந்தின் லெஸ்டர் நகர வரலாறு துணை செய்கிறது.

சட்டமும் எதிர்ப்பும்

பெரியம்மையைத் தடுக்கும்பொருட்டு, இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறக்கும் குழந்தைகளுக்கு மூன்று மாதத்திற்குள் அம்மை குத்துவதை 1853ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. 1867ஆம் ஆண்டுச் சட்டம், மறுக்கும் பெற்றோர்க்கு மீண்டும் மீண்டும் அபராதம் விதிக்க வழி செய்தது. செல்வருக்கு அபராதம் சிறு செலவு. கட்ட இயலாத தொழிலாளரின் வீட்டுப் பொருள்களோ பறிமுதலாயின. சிலர் சிறையும் சென்றனர்.

எதிர்த்தவர்களின் அச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்தினின்று எடுத்த நீரை மற்றொரு குழந்தைக்கு ஏற்றும் முறை அந்நாளில் இருந்தது. அதனால் மேகநோய் பரவியதும் உண்டு. கன்றின் உடலில் வளர்த்த அம்மைப்பால் வந்தபோது, அதனை உயிர்வதை என்று மறுத்தோரும் இருந்தனர். 1885 மார்ச்சில் லெஸ்டர் நகரில் பல்லாயிரவர் திரண்டு ஊர்வலம் சென்றனர்.

நகரம் ஏற்ற கடமை

அம்மை குத்த மறுத்த அந்நகரம் வாளா இருந்துவிடவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. அம்மை கண்டவரைப் பற்றி உடனே தெரிவிக்க வேண்டும் என்பதை 1879லேயே கட்டாயமாக்கிக்கொண்டது. நோயாளியைத் தனியே வைத்தனர். அவரோடு பழகியவரைக் கண்காணித்தனர். வீட்டையும் துணிகளையும் தூய்மை செய்தனர். ஒரு கட்டாயத்தை எதிர்த்தவர்கள் மற்றொரு கட்டாயத்திற்குத் தாமே உடன்பட்டனர்.

1898இல் நாடாளுமன்றம், மனச்சான்றின் காரணமாக மறுப்போர்க்கு விலக்களித்தது. 1948இல் அக்கட்டாயமே முடிவுற்றது.

இதனால் தடுப்பூசி வேண்டாததென்று கொள்ளலாகாது. இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் காணப்பட்டார். 1980 மே மாதத்தில் அந்நோய் உலகினின்று ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நோயாளியைத் தேடிக் கண்டறிந்து, அவரைச் சூழ்ந்தோர்க்கு அம்மை குத்திய முறை இவ்வெற்றிக்குப் பெருந்துணையாயிற்று. லெஸ்டர் போற்றிய கண்காணிப்பும் அது மறுத்த தடுப்பு முறையும் இங்கு ஒன்றுகூடின.

இன்று நம் நிலை

எவரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போடலாகாது என்று 2022 மே 2ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுநலன் கருதி அரசு தக்க வரம்புகளை விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு கூறிற்று. உரிமையும் பொறுப்பும் அதில் இணைந்தே நிற்கின்றன.

தட்டம்மையை எண்ணிப் பாருங்கள். அதன் பரவலைத் தடுக்க நூற்றுக்கு 95 பேர் அளவிற்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருத்தல் வேண்டும். நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் முதல் ஊசி ஒன்பது மாதம் நிறைந்த பின்னரே. அதுவரை அச்சிசுவிற்குக் காவல், சுற்றியிருப்போரின் எதிர்ப்பாற்றலே. கவனமின்மையால் பிற உயிர்க்கு விளையும் ஊறும் இம்சையே என்பதை நாம் அறிவோம். ஆதலின், "என் பிள்ளை, என் விருப்பம்" என்பதோடு நம் சிந்தனை முடியலாகாது.

அரசுக்கும் அறம் உண்டு. அச்சத்தைப் பொறுமையுடன் கேட்டு விளக்க வேண்டும். ஊசியால் தீங்குற்றோர்க்கு ஈடு செய்ய வேண்டும். ஏழைக்கு மட்டும் வலிக்கும் தண்டனையைத் தவிர்க்க வேண்டும். இவையனைத்தும் செய்த பின்னரும் பெருந்தீங்கு நீங்காதபோதே கட்டாயத்தை நாடலாம். மறுப்பவரும், தம் மறுப்பால் பிறர்க்குத் தீங்கு நேராதிருக்கத் தாம் செய்யப்போவது யாதென்று கூறக் கடமைப்பட்டவரே.

சிந்தனைக்கு

1. அபராதம் செல்வர்க்கும் ஏழைக்கும் ஒரே தண்டனையாகுமா?
2. நோயை மறைப்பது எவ்வாறு பிறர்க்கு ஊறு செய்வதாகும்?
3. நம் தெருவில் பிறரின் பாதுகாப்பை நம்பி வாழ்வோர் யாவர்?